செஞ்சி மலையும் மழைக்காடும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே பதினேழு கல் தொலைவு சென்றால், வயல்களுக்கு நடுவே கரும்பாறைக் குன்றுகள் திடீரென்று எழுந்து நிற்கக் காணலாம். பெரும்பெரும் உருண்டைக் கற்களை யாரோ அரக்கர்கள் கொணர்ந்து குவித்துவிட்டுப் போயினரோ என்று ஐயுறும்படி அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இக்குன்றுகளுள் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்றையும் வளைத்து எழுப்பிய மதிலே செஞ்சிக் கோட்டை மதில். மராத்தியரின் போர்க்கோட்டைகள் பன்னிரண்டனை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே.

கோட்டையைக் காண வருவோர் தேசிங்கு ராசனைப் பற்றிக் கேட்பர்; அவனது குதிரையைப் பற்றிக் கேட்பர்; பீரங்கி எங்கே, களஞ்சியம் எங்கே என்று வினவுவர். ஆயின், “இவ்வளவு பேர் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று கேட்போர் மிகச் சிலரே. அது கேட்கத் தகுந்த வினாவாகும். 1690 முதல் 1698 வரை மராத்திய மன்னர் இராசாராம் இக்கோட்டைக்குள் இருந்தார். மொகலாயப் பெரும்படை வெளியே இருந்தது. முற்றுகை சில காலம் நெகிழ்ந்தும் சில காலம் இறுகியும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நெல்லைக் களஞ்சியத்தில் பல ஆண்டுகட்குச் சேர்த்து வைக்கலாம். நீரை அங்ஙனம் மூட்டை கட்டி வைத்தல் இயலாது அன்றோ?

சென்ற ஆவணித் திங்களில் ஒரு நாள் காலை, உயர்நிலை வகுப்பு மாணவர் சிலருடன் யான் இராசகிரியின்மீது ஏறினேன். அன்று எங்களுக்குப் பாடம் வரலாறு அன்று, நீரே பாடம். மலையடிவாரத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. ஏறுவதற்கு முன்னரே, அம்மரத்தில் வெயில் நன்கு படும் கிளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நுனியை இலைகளோடு ஒரு பாலிதீன் பைக்குள் இட்டு, வாயை நூலால் இறுகக் கட்டினோம். “இது எதற்கு, ஐயா?” என்று மாணவன் ஒருவன் கேட்டான். “மாலையில் பார்ப்போம்” என்று கூறி நடந்தேன்.

இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. படிகள் செங்குத்தானவை. காலை பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிட்டது. வெறும் பாறையின்மீது பட்ட வெயிலுக்கு வேறு வேலை இல்லை. பாறையைச் சூடாக்குவதே அதன் வேலை. சூடேறிய பாறை தன்மேல் உள்ள காற்றையும் சூடாக்கும். நாங்கள் வியர்வை வடிய ஏறினோம். உச்சிக்கு அருகில், குன்றைப் பிளந்தாற்போன்ற ஆழ்ந்த பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் இட்ட சிறு பாலத்தைக் கடந்தே உள்கோட்டையை அடைதல் வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் கண்முன் கோட்டை இருந்தும் கைக்கு எட்டாததாகிவிடும்.

மலைமேல் பாறையிடையே சுரந்து தேங்கும் நன்னீர்ச் சுனைகள் உள்ளன. மழைநீரைத் தேக்கும் குளங்களும் உள்ளன. அடிவாரத்தில் ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரக்குளம் ஆகியவை உள்ளன. பல அடுக்குகளாக உயர்ந்து நிற்கும் கலியாண மகாலுக்குத் தொலைவிலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய்களின் வழியே நீர் கொண்டுவந்தனர் என்பர். இவற்றைக் கட்டியோர் பாறையின் குணத்தை நன்கு அறிந்தவர்கள். பாறை நீரைக் குடிப்பதில்லை. விழுந்த நீரை அப்படியே வழியவிடும். வழியும் நீருக்கு ஒரு பள்ளம் காட்டிவிட்டால் போதும், அது அங்கே வந்து சேரும். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு செ.மீ. மழை பெய்தால், அந்நீரின் அளவு 1,00,000 லிட்டர். ஐந்து செ.மீ. மழை பெய்த ஒரே இரவில் ஒரு ஹெக்டேர் வெறும்பாறை ஐந்து லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரைக் குளத்தில் கொட்டிவிடும். செஞ்சிப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 செ.மீ. எனில், கோட்டை எங்ஙனம் தாக்குப் பிடித்தது என்பது விளங்கும்.

ஆயினும் பாறை தரும் நீர் அன்றைய நீரே. மழை விட்ட ஒரு நாழிகையில் ஓடை வற்றிவிடும். குளத்தில் பிடித்தது மிஞ்சும். பிடிக்காதது கடலுக்குப் போகும்.

இறங்கும் வழியில், இரு பெரும்பாறைகளுக்கு இடையே மண் தேங்கிய ஒரு சரிவைக் கண்டோம். அங்கே மரங்கள் அடர்ந்திருந்தன. உள்ளே நுழைந்ததும் வெயிலின் கொடுமை சட்டெனக் குறைந்தது. காலடியில் உதிர்ந்த இலைகள் மெத்தைபோல் கிடந்தன. மேற்புறச் சருகு உலர்ந்து நொறுங்கியது; அதனை விலக்கினால் அடியில் இருந்த இலைகள் ஈரமாகவும் கறுத்தும் இருந்தன; இன்னும் அடியில் இலை என்றே சொல்ல முடியாதபடி மண்ணோடு மண்ணாகக் கலந்திருந்தது. மழை பெய்து நான்கு நாள் ஆகியும் அம்மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் விரலில் ஈரம் ஒட்டியது. நூறு அடி தொலைவில் பாறை எரிந்துகொண்டிருந்தது.

இத்தகைய காட்டை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று நூலோர் கூறுவர். சோழமண்டலக் கரையை ஒட்டிய நிலப்பகுதிக்கே சிறப்பாக உரிய காடு இது. மழை சில திங்களே பெய்யும்; எஞ்சிய திங்கள்கள் வறட்சி. எனினும் இம்மரங்கள் பல ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். காயா, உலக்கைப்பாலை, வீரை, கருங்காலி போன்றவை இக்காட்டுக்குரிய மரங்கள். மிகப் பெரும்பகுதி வயலாகவும் விறகாகவும் போய்விட்டது. செஞ்சியை அடுத்த பாக்கமலையிலும், மரக்காணம் பக்கத்துப் புத்துப்பட்டில் அய்யனார் கோயிற்காட்டிலும், இன்னும் சில இடங்களிலும் எஞ்சியுள்ளது. அய்யனாருக்கு அஞ்சி அரிவாளை வெளியே வைத்தவர்கள் தம்மை அறியாமலே தாவர நூலாருக்கு ஓர் ஏட்டைக் காத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டுகொண்டிருக்கையில், மாணவி ஒருத்தி ஒரு வினா எழுப்பினாள். “ஐயா, மரம் நீரை உறிஞ்சுகிறது என்று படித்திருக்கிறோம். எங்கள் கொல்லையில் கிணற்றோரம் நின்ற யூகலிப்டஸ் மரம் கிணற்றையே குடித்துவிட்டது என்று என் தாத்தா அதனை வெட்டிவிட்டார். அப்படியிருக்க, காடு இருந்தால் நீர் பெருகும் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?”

நல்ல வினா. மரம் வளர்த்தால் மழை வரும் என்று சுவரில் எழுதிவிட்டு இவ்வினாவுக்கு விடை கூறாமல் நழுவுவோர் பலர். பெண்ணின் பாட்டனார் கூறியதில் உண்மை உண்டு. விரைந்து வளரும் மரம் மிகுதியாக நீரைக் குடிக்கும்; சிறு கிணற்றின் நீர் குறையவும் கூடும். எனவே, மரம் நீரைக் குடிக்கிறதா என்பதன்று வினா. ஏன் குடிக்கிறது, குடித்த நீர் எங்கே போகிறது என்பவையே வினாக்கள்.

பெல்சிய நாட்டில் வான் ஹெல்மாண்ட் என்னும் மருத்துவர் இருந்தார். அவர் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்மண் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள ஓர் அலரிக் கன்றை அதில் நட்டார். நாம் பூசைக்குப் பறிக்கும் அலரி அன்று. மேலை நாட்டு ஆற்றங்கரை மரம் அது. ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். பின்னர் மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 169 பவுண்டுக்குச் சற்று மேல் இருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்தார். இரண்டே அவுன்ஸு குறைந்திருந்தது! மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற பழைய எண்ணம் அன்றோடு வீழ்ந்தது. மரம் முழுவதும் நீராலே ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய நூல் 1648-இல் வெளிவந்தது. அவர் கண்டது பாதி உண்மை. மற்றப் பாதி அவரைச் சுற்றியிருந்த காற்றில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாததால் அவர் அதனைத் தராசில் வைக்கவில்லை.

காற்றில் கரியமில வாயு மிகச் சிறிதளவு கலந்துள்ளது. இலை தன் துளைகளின் வழியே அதனை உள்ளே இழுக்கிறது. வேர் அனுப்பிய நீரோடு சேர்க்கிறது. ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு அவ்விரண்டையும் சருக்கரையாகச் சமைக்கிறது. நீர் பிளவுண்டு அதிலிருந்து பிராணவாயு வெளியேறுகிறது. சருக்கரையே பின்னர் நாராகவும் வைரமாகவும் விதையாகவும் மாறுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. இதனை நம்பாதவர் கரிமூட்டம் போடுவோரிடம் சென்று பார்க்கலாம். வேலிகாத்தான் கட்டைகளை அடுக்கி, மண் பூசி, காற்றுப் புகாமல் உள்ளே கனியவிட்டு, சில நாள் கழித்துப் பிரித்தால் கரி கரியாக வெளிவரும். அக்கரி முழுவதும் ஒரு காலத்தில் காற்றில் அலைந்தது.

இங்கேதான் நீரின் சுழற்சியும் கரியின் சுழற்சியும் ஒன்றோடொன்று முடிச்சிடுகின்றன. கரியமில வாயு உள்ளே வரவேண்டுமாயின் இலைத்துளை திறத்தல் வேண்டும். துளை திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும். வரவுக்கும் செலவுக்கும் வாயில் ஒன்றே. கரியமில வாயுவின் ஓர் அணுத்திரளை உள்ளே வாங்குவதற்கு, நீரின் அணுத்திரள்கள் நூற்றுக்கணக்கானவற்றை மரம் வெளியே விட வேண்டியிருக்கிறது. மரம் நீரை வீணாக்குகிறது என்று நாம் குறைகூறுகிறோம். மரமோ தன் உணவுக்கு நீரை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நீர் வளம் குறைந்த இடத்து மரம் இவ்விலையைக் கொடுக்க மிகவும் தயங்கும். எங்கள் தலைக்கு மேல் இருந்த இலைகளைப் பறித்துப் பார்த்தோம். அவை சிறியவை, தோல் போன்று தடித்தவை, மேற்புறம் மெழுகு தடவினாற்போல் மினுமினுத்தது. நண்பகல் வெயிலில் இம்மரங்கள் துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். செலவு குறையும், வரவும் குறையும். ஆகையால் செஞ்சிக் காடு மெல்ல வளர்கிறது. கைப்பருமன் உள்ள ஒரு மரம் மாணவர்களின் தந்தையரினும் மூத்ததாக இருத்தல் கூடும்.

நீரைப் பற்றிய கவலையே இல்லாத காடு எவ்வாறு இருக்கும்? அதனைக் காணத் தமிழ்நாட்டின் மேற்கெல்லைக்குச் செல்ல வேண்டும். ஆனைமலையிலும் பொதியமலையிலும் மழைக்காடுகள் உள்ளன. ஆண்டுக்கு 200 செ.மீ.க்கு மேல் மழையும், நீண்ட வறட்சி இல்லாத பருவமும் அவற்றிற்குத் தேவை. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. அங்கே வெடிப்பலாவும் நாங்கும் குங்கிலியமும் நூறு அடிக்கு மேல் நேராக உயர்ந்து, உச்சியில் கிளை கோத்து, வானத்தையே மறைத்துவிடும். வெடிப்பலாவின் காயைச் சிங்கவால் குரங்கு உடைத்துத் தின்னும். இருவாச்சிப் பறவை சிறகடிக்கும் ஓசை கீழே நிற்போர்க்கும் கேட்கும். பல மரங்களின் இலை நுனி, துளி எளிதில் சொட்டி விழும்படி கூராக நீண்டிருக்கும். செஞ்சி மரத்தின் கவலை நீரைக் காப்பது; பொதியமலை மரத்தின் கவலையோ இலைமேல் தேங்கும் நீரை வடிப்பது!

அக்காட்டின்மேல் பெய்யும் மழை மண்ணை நேரே அடிப்பதில்லை. முதலில் உச்சி இலைகளை நனைக்கும். அதில் ஒரு பகுதி அங்கேயே ஆவியாகி மீண்டும் வானேறும். எஞ்சியது கிளை வழியும் அடிமரம் வழியும் மெல்ல இறங்கும். தரையில் சருகும் வேர்ப்பின்னலும் அதனை ஏற்றுக்கொள்ளும். மண்புழுவும் கறையானும் துளைத்த மண்ணில் அது ஊடுருவிச் சென்று, பாறை இடுக்குகளில் தங்கி, பல திங்கள் கழித்துச் சுனையாகக் கசியும். தாமிரவருணி கோடையிலும் முற்றும் வற்றாமல் ஓடுவதற்கு, அது பிறக்கும் மலையில் இரு பருவமழைகளும் பெய்வது ஒரு காரணம். பெய்த மழையை விழுங்கிப் பின்னர் மெல்ல மெல்ல விடும் காடு மற்றொரு காரணம். கோட்டைக் குளம் ஓரிரவில் பெற்றுக்கொண்டதை, அக்காட்டு மண் ஒரு பருவம் முழுவதும் பகிர்ந்து கொடுக்கிறது.

மற்றொரு பங்கு நீர் வேர்வழியே மேலேறுகிறது. பெரிய மரம் ஒன்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை மண்ணிலிருந்து எடுத்து ஆவியாக்கி விடுவதுண்டு. ஆவியாகும் நீர் வெப்பத்தையும் உடன்கொண்டு போகிறது. செஞ்சிப் பாறையைச் சுட்ட அதே வெயில் அங்கே நீரை மேலே தூக்கும் வேலையைச் செய்கிறது. காட்டுக்குள் குளிர்ச்சியாக இருப்பதற்கு நிழல் மட்டும் காரணமன்று.

மேலே சென்ற ஆவி என்னவாகிறது? இவ்வினாவுக்குத் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் காட்டில் முதலில் தெளிவான விடை கிடைத்தது. கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவு உள்ளே சென்றும் அங்கே மழை குறைவதில்லை. 1970-களில் பிரேசில் நாட்டு அறிஞர் எனேயஸ் சலாட்டி என்பவர், பல இடத்து மழைநீரைச் சேகரித்து, அதிலுள்ள பிராணவாயுவின் கனத்த வகையையும் இலேசான வகையையும் அளந்து ஒப்பிட்டார். கடலிலிருந்து நேரே வந்த நீருக்கும், ஒருமுறை பெய்து மீண்டும் ஆவியாகி வந்த நீருக்கும் இவ்வளவில் வேறுபாடு உண்டு. அங்கே பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, காடே மீண்டும் அனுப்பிய நீர் என்று அவர் கண்டார். ஒரே நீர் பெய்தும் எழுந்தும், மீண்டும் பெய்தும் எழுந்தும், மேற்கு நோக்கி நடந்து செல்கிறது.

இது தொலைவில் உள்ள நாட்டுச் செய்திதானே என்று எண்ண வேண்டா. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் நீரைப் பெரும்பாலும் கேரளத்துப் பக்கமே கொட்டிவிடுகிறது; தமிழ்நாடு மழை மறைவில் கிடக்கிறது என்று புவியியலில் படித்திருக்கிறீர்கள். அது மெய்யே. ஆயின் ஆடி, ஆவணி, புரட்டாசி மாலைகளில் மேற்கே கருமுகில் திரண்டு, இடி இடித்து, செஞ்சியிலும் திருவண்ணாமலையிலும் மழை கொட்டுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்நீர் எங்கிருந்து வந்தது? மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2018-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாடு பெறும் மழையில் கால் பங்கு அளவுக்கோ அதற்கு மேலோ, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளியிடும் ஈரத்தால் வருவது என்பது அவர்களது கணக்கீடு. பருவமழை ஓய்ந்து நிற்கும் நாட்களில் இப்பங்கின் அருமை இன்னும் பெரிது. கடல் கொடுக்க மறந்த நாளில் காடு தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது.

இங்கே மாணவியின் வினாவுக்கு முதல் விடை கிடைக்கிறது. ஆம், மரம் குடிக்கிறது. கொல்லைக் கிணற்றின் கணக்கில் அது நட்டமே. ஆனால் மலை முழுவதும் பரந்த காடு குடித்த நீர், இருநூறு கல் கிழக்கே, மானாவாரி மணிலாப் பயிர் பூ இறங்கும் நேரத்தில் ஒரு மழையாக வந்து விழலாம். அம்மழை தவறினால் காய் பிடிக்காது. செஞ்சி வட்டத்து உழவர் பலருக்கு அவ்வொரு மழை, ஆண்டின் கடன் தீருமா ஏறுமா என்பதைத் தீர்மானிக்கும் மழையாகும். அவர்கள் வால்பாறையைக் கண்டவர்கள் அல்லர். வால்பாறைக் காடோ அவர்கள் வயலைத் தொட்டுவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ஆனைமலையின் மேல்தளத்துக் காடு பெரும்பாலும் தேயிலையாகவும் காப்பியாகவும் மாற்றப்பட்டது. பச்சைப்பசேலென்று விரிந்த தேயிலைத் தோட்டம் கண்ணுக்கு இனியதே. ஆயின் இடுப்பளவு வெட்டி நிறுத்திய செடிக்கு நூறடி மரத்தின் வேரும் இல்லை, உச்சியும் இல்லை.

இனிக் கரியின் கதைக்கு வருவோம். மழைக்காட்டு மண் மிக வளமானது என்று பலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. வெப்பமும் ஈரமும் ஒருங்கே இருப்பதால், விழுந்த இலையைப் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் சில திங்களிலேயே தின்று தீர்த்துவிடுகின்றன. தின்னும்போது அவை மூச்சுவிடுகின்றன. இலையில் இருந்த கரி மீண்டும் கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. மீந்த உரச்சத்தை வேர்கள் உடனே பற்றிக்கொள்கின்றன. ஆகவே காட்டின் செல்வம் மண்ணில் புதைத்த பானையில் இல்லை. கைமாறிக்கொண்டே இருக்கும் காசாக மரத்தில் நிற்கிறது. காட்டை வெட்டி எரித்தால் சாம்பலில் இரண்டு மூன்று போகம் விளையும். பின்னர் நிலம் சோர்ந்துவிடும். பொருளையும் இழந்து முதலையும் இழந்த வணிகனைப் போல் மனிதன் நிற்பான்.

இவ்விடத்தில் ஒரு தவறான வழக்கையும் திருத்த வேண்டும். அமேசானை உலகின் நுரையீரல் என்று மேடைதோறும் கூறுகின்றனர். முதிர்ந்த காடு பகலில் வெளியிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ முழுவதையும், அக்காட்டு மரங்களின் மூச்சும் மட்கும் இலைகளின் உயிர்களுமே பயன்படுத்திக்கொள்கின்றன. அமேசான் இல்லாவிடில் நாம் மூச்சுத் திணறி மடிவோம் என்பது மிகை. காட்டைக் கரியின் களஞ்சியம் என்று கூறுதலே தகும். களஞ்சியம் நிறைந்து பூட்டியிருக்கும் வரை அதன் அருமை தெரியாது, எரியும்போதே தெரியும். ஒரு டன் கரி எரிந்தால் ஏறத்தாழ 3.7 டன் கரியமில வாயு வெளிப்படும். ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இப்பொழுது 420-ஐக் கடந்துவிட்டது. இவ்வுயர்வின் பெரும்பகுதி நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் வந்தது. காடழித்ததன் பங்கும் சிறிதன்று. தென்கிழக்கு அமேசானில், வெட்டும் தீயும் வறட்சியும் சேர்ந்து, காடு வாங்கும் கரியைவிட அப்பகுதி வெளியிடும் கரியே மிகுதியாகிவிட்டது என்று லூசியானா காட்டி என்னும் பிரேசில் அறிஞரும் அவர் குழுவினரும் 2021-இல் அறிவித்தனர். விமானத்தில் பறந்து பல ஆண்டுகள் காற்றைக் குப்பிகளில் பிடித்து அளந்து கண்ட முடிவு அது. மரம் குறைந்தால் ஆவி குறையும். ஆவி குறைந்தால் மழை குறையும். மழை குறைந்தால் எஞ்சிய மரமும் உலர்ந்து தீக்கு இரையாகும். இரு சுழற்சிகளும் ஒரே முடிச்சில் இருப்பதால், ஒன்று அறுந்தால் மற்றதும் நெகிழ்கிறது.

இவ்வளவும் பேசி முடிக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது. மரச்செறிவை விட்டு வெளியே வந்து கிழக்கே நோக்கினோம். வயல்களும் ஏரிகளும் தெரிந்தன. இம்மலைப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு தென்கிழக்கே சென்று, 1959-இல் முடிக்கப்பட்ட வீடூர் அணையை அடைகிறது; பின்னர் புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து, ஊசுட்டேரிக்கும் நீர் தந்து, கடலில் கலக்கிறது. வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் இதனையே அழைப்பர். ஆண்டில் பெரும்பகுதி இவ்வாறு மணற்பரப்பாகவே கிடக்கும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, வீடூருக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. ஓராண்டு மழையில் பாதி ஒரு நாளில் வந்துவிட்டது! சங்கராபரணி கரைபுரண்டது, ஊர்களும் பயிர்களும் நீரில் நின்றன. மாணவர்களுள் இருவர் அந்நாட்களில் தம் வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்கள். “மலையில் காடு இருந்திருந்தால் வெள்ளம் வந்திருக்காதா, ஐயா?” என்று அவர்களுள் ஒருவன் கேட்டான். வந்திருக்கும் என்றே விடை கூறினேன். அத்தகைய பேய்மழையை எந்தக் காடும் முழுவதும் ஏந்திக்கொள்ள இயலாது. மண் நிறைந்துவிட்டால் காட்டு மண்ணும் பாறையைப் போல் நீரை வழியவே விடும். ஆனால் ஐந்து செ.மீ., எட்டு செ.மீ. பெய்யும் மழைகள் ஆண்டில் பல உண்டு. அவற்றை வாங்கித் தரைக்குள் அனுப்புவதில் காடுள்ள சரிவுக்கும் மொட்டைச் சரிவுக்கும் வேறுபாடு மிகப் பெரிது. அவ்வேறுபாட்டைத் தைத் திங்களில் ஊர்க் கிணறுகளில் காணலாம். வெள்ளத்தோடு இறங்கும் மண்ணும் அங்ஙனமே. மொட்டைச் சரிவின் மண் ஏரியிலும் அணையிலும் வண்டலாகப் படிகிறது. படிந்த அளவுக்கு நீருக்கு இடம் குறைகிறது. பாக்கமலைக் காட்டில் வெட்டிய ஒவ்வொரு சுமை விறகுக்கும் வீடூரில் ஒரு பிடி வண்டல் என்று கணக்கு வைப்பது பிழையாகாது.

மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், “அப்படியானால் இரண்டும் வேண்டும், ஐயா, மேலே காடு, கீழே குளம்” என்றான். அரசர்கள் குளத்தைக் கட்டினார்கள். காட்டை யாரும் கட்டவில்லை, இருந்தது. இருந்ததை விறகாக்கியது பிற்காலத்தார். பாறை இடுக்கில் அது தானாகவே மீண்டும் எழ முயல்வதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். ஆடு கடிக்காத இடத்தில் காரையும் சூரையும் முதலில் முளைக்கின்றன; அம்முட்புதரின் காவலில் காயாவின் கன்று ஒன்று தலை நீட்டுகிறது. விதையைக் கொண்டுவந்தது கொண்டைக்குருவியாக இருக்கலாம்.

அடிவாரத்தை அடைந்து வேப்பமரத்திடம் சென்றோம். பையின் உட்புறம் முழுவதும் பனி படர்ந்தாற்போல் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. மூலையில் நீர் தேங்கியிருந்தது. அவிழ்த்து, மருந்துக் குப்பியின் மூடியில் ஊற்றி அளந்தோம். மூன்று மூடி நிறைந்தது. காலையில் இருந்தது பதினான்கு ஈர்க்கு இலை. “இந்த ஒரு கொத்துக்கே இவ்வளவு என்றால், மரம் முழுவதற்கும்?” என்று கூறியவாறு மாணவர்கள் கொத்துகளை எண்ணத் தொடங்கினர். நாற்பதைக் கடந்ததும் எண்ணிக்கை தவறியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர்.

அதற்குள் மேற்கே, இராசகிரிக்குப் பின்னால், முகில் கறுத்து எழுந்தது. மண் மணம் வீசிற்று. மாணவர்கள் பைகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கலியாண மகாலை நோக்கி ஓடினர். வினா எழுப்பிய பெண் மட்டும் மூடியில் இருந்த நீரை வேப்பமரத்தின் அடியில் ஊற்றிவிட்டு, மெல்ல நடந்து வந்தாள்.